ஏஜென்ட்டுக்கு எழுதும் கையேடு

யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 என்ற தேதியோடு வெளிவந்தது. பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதிய அந்தக் கையேட்டில் ஒவ்வொரு கட்டளைக்கும் தனிக் குறிப்பு உண்டு: பெயர், அழைக்கும் முறை, விளக்கம், அதிலுள்ள பிழைகள். பிழைகளுக்கென்றே ஒரு தலைப்பை ஒதுக்கியிருந்த அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். யூனிக்ஸ் கட்டளைகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. வேலை ஒழுங்காக முடிந்துவிட்டால் பெரும்பாலும் அவை எதுவும் சொல்வதில்லை. ஒரு கோப்பை அழிக்கச் சொன்னால் அழித்துவிட்டுப் பேசாமல் இருக்கும். பழகியவருக்கு அந்த மௌனமே பதில்.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2024இல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த மௌனத்தைக் கலைத்தார்கள். நிரல்களில் உள்ள பிழைகளைத் தானாகவே திருத்தும் ஒரு செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட்டை அவர்கள் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதன் பெயர் ஸ்வீ-ஏஜென்ட். ஒரு கட்டளை எதையும் அச்சிடாமல் முடியும்போதெல்லாம், ‘கட்டளை சரியாக ஓடியது, வெளியீடு ஏதும் இல்லை’ என்ற பொருளில் ஒரு வரி ஏஜென்ட்டுக்குப் போய்ச் சேரும்படி செய்தார்கள். சின்ன மாற்றம்தான். ஆனால் இன்று மென்பொருள் உலகம் முழுவதும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் ஒரு கேள்வி அதற்குள் இருக்கிறது. மனிதருக்காகச் செய்த கருவியை இனி ஒரு மொழி மாடல் கையாளப்போகிறது என்றால், அந்தக் கருவியை அதற்கு எப்படி விளக்குவது? விளக்கியது போதுமா என்று எப்படிச் சோதிப்பது?

முதலில், மாடல் ஒரு கருவியை எப்படித் ‘தொடுகிறது’ என்பதைப் பார்த்துவிடலாம். மொழி மாடல் எழுத்தை வாங்கி எழுத்தைத் தரும், அவ்வளவுதான். அதனால் நேரடியாக ஒரு கோப்பைத் திறக்கவோ டிக்கெட் பதிவு செய்யவோ முடியாது. அதைச் சுற்றி இன்னொரு நிரல் ஓடிக்கொண்டிருக்கும். பயனர் கேட்டதோடு சேர்த்து ஒரு பட்டியலையும் அந்த நிரல் மாடலிடம் கொடுக்கிறது: உன்னிடம் இன்னின்ன கருவிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் பெயர் இது, அது செய்யும் வேலை இது, அதற்கு நீ தரவேண்டிய விவரங்கள் இவை. மாடல் அதைப் படித்து, தேவைப்பட்டால் ‘இந்தக் கருவியை இந்த விவரங்களோடு அழை’ என்று ஜேசான் என்ற தரவு வடிவில் எழுதுகிறது. நிரல் அதை வாங்கி உண்மையான மென்பொருளை இயக்குகிறது. கிடைத்த விடையை மறுபடியும் எழுத்தாக்கி மாடலின் முன் வைக்கிறது. யோசிப்பது, செய்வது, விளைவைப் பார்த்து மறுபடி யோசிப்பது என்ற இந்தச் சுற்றை 2022 அக்டோபரில் வெளிவந்த ரியாக்ட் என்ற ஆய்வுக்கட்டுரை பரவலாக்கியது. 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ தன் மாடல்களில் கருவிகளை அழைக்கும் வசதியைத் திறந்துவிட்டது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்.சி.பி. என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது; ஒருவர் எழுதிய கருவியை வேறொருவரின் ஏஜென்ட் எடுத்துப் பயன்படுத்துவது அதன்பின் எளிதாயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெரும்பாலான நேரங்களில் கருவியின் உள்ளே இருக்கும் நிரலை மாடல் பார்ப்பதில்லை. அது பார்ப்பது விளக்கத்தை மட்டும்தான். ஓர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பொறியாளருக்குக் கையேடு புரியவில்லை என்றால் பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் கேட்பார்; ‘அந்தக் கட்டத்தை நிரப்பாதீர்கள், அது பழையது’ என்று பதில் வரும். ஒரு வாரத்தில் இப்படிப்பட்ட எழுதப்படாத நுணுக்கங்கள் எல்லாம் அவருக்குப் படிந்துவிடும். மாடலுக்குப் பக்கத்து இருக்கை கிடையாது. ஒவ்வொரு புதிய உரையாடலிலும் அதற்கு அது முதல் நாள். அதைவிட முக்கியம், விளக்கத்தில் ஓட்டை இருந்தால் அது பெரும்பாலும் நின்று கேட்பதில்லை. பொருத்தமாகத் தோன்றும் ஒன்றை இட்டு நிரப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

பயணச்சீட்டு பதிவு செய்யும் ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். ‘தேதி’ என்று ஒரு விவரம் கேட்கிறது, வேறு விளக்கமில்லை. ஏஜென்ட் 03/04/2026 என்று அனுப்புகிறது. நம் வழக்கப்படி அது ஏப்ரல் 3. அமெரிக்க வழக்கப்படி எழுதிய மென்பொருளுக்கு மார்ச் 4. இரண்டுமே செல்லுபடியாகும் தேதிகள் என்பதால் பிழைச் செய்தி வராது. பயணி தவறான நாளில் நிலையத்துக்குப் போய் நிற்கும்போதுதான் தெரியவரும். ‘பயண நாள், ஆண்டு-மாதம்-நாள் வரிசையில், உதாரணமாக 2026-04-03’ என்று எழுதியிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது. அடுத்த கட்டம் பெயர். ‘முதல் பெயர், குடும்பப் பெயர்’ என்று இரண்டு கட்டங்கள். எஸ். செல்வி என்பவருக்குக் குடும்பப் பெயர் ஏது? அந்த எஸ் அப்பாவின் பெயரின் முதல் எழுத்து. ஏஜென்ட் ‘எஸ்’ஸைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடலாம், முதல் பெயரில் சேர்க்கலாம், அப்பாவின் முழுப் பெயரைத் தேடிப் போடலாம். மூன்று உரையாடலில் மூன்று விதமாகச் செய்யவும் கூடும். அடையாள அட்டையில் உள்ளபடி எழுது, குடும்பப் பெயர் இல்லாதவருக்கு அந்தக் கட்டத்தைக் காலியாக விடு என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வரியை எழுதக் கருவியைச் செய்தவருக்குத் தமிழ்ப் பெயர்கள் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். அது வேறு விஷயம்.

இனி பிரின்ஸ்டனுக்குத் திரும்புவோம், ஏனென்றால் விளக்கமும் கருவியின் வடிவமும் எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்பதை எண்களால் காட்டிய ஆய்வு அது. அதே குழுவினர் 2023இல் ஸ்வீ-பெஞ்ச் என்ற சோதனைத் தொகுப்பை உருவாக்கியிருந்தார்கள். பைத்தான் மொழியில் எழுதப்பட்ட, உலகமே பயன்படுத்தும் 12 திறந்தமூல மென்பொருள்களிலிருந்து 2294 உண்மையான சிக்கல்களை எடுத்தார்கள். மாடலிடம் சிக்கலின் விவரத்தையும் நிரல் முழுவதையும் கொடுத்து, திருத்து என்றார்கள். திருத்தியது சரியா என்பதை அந்த மென்பொருளுக்கென எழுதப்பட்ட சோதனை நிரல்களே தீர்மானிக்கும். அப்போதைய சிறந்த மாடலாலேயே 2 சதவீதத்தைத் தாண்ட முடியவில்லை.

அடுத்த ஆண்டு அவர்கள் மாடலைத் தொடாமல், அது கையாளும் கருவிகளை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். மனிதர் திரையில் பார்ப்பதற்கு ஓர் இடைமுகம் இருப்பதுபோல ஏஜென்ட்டுக்கும் தனி இடைமுகம் வேண்டும் என்பது அவர்கள் வாதம். தொகுப்பிலிருந்து 300 சிக்கல்களை எடுத்து, ஜிபிடி-4 மாடலைக் கொண்டு சோதித்தார்கள். வழக்கமான லினக்ஸ் கட்டளைகளை மட்டும் கொடுத்தபோது 11 சதவீதம் தீர்ந்தது. ஏஜென்ட்டுக்கென வடிவமைத்த கருவிகளைக் கொடுத்தபோது 18 சதவீதம். மூளை ஒன்றுதான், கையில் இருந்த கருவிகள் வேறு.

அந்த 7 சதவீதப் புள்ளிகள் எங்கிருந்து வந்தன என்று பிரித்துப் பார்த்திருப்பதுதான் இந்த ஆய்வின் அழகு. கோப்பைத் திறந்து காட்டும் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் 100 வரிகளைக் காட்டினால் 18 சதவீதம். 30 வரிகளாகக் குறைத்தால் 14.3. சரி, அப்படியானால் கோப்பு முழுவதையும் காட்டிவிடலாமே? 12.7தான் வந்தது. கொஞ்சமாகக் காட்டினால் சூழல் புரியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினால் கவனம் சிதறுகிறது. திருத்தும் கருவியில் ஒரு காவலை வைத்தார்கள்: திருத்தத்தால் நிரலில் இலக்கணப் பிழை வந்தால் அதை ஏற்காமல், என்ன தவறு என்று காட்டி, மறுபடி முயலச் சொல்லும். அந்தக் காவலை எடுத்ததும் 15க்கு இறங்கியது.

எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது தேடல் கருவி பற்றிய முடிவு. நாம் பயன்படுத்தும் எடிட்டர்களில் ஒரு சொல்லைத் தேடினால் முதல் இடம் காட்டப்படும். ‘அடுத்தது’ என்று அழுத்தினால் அடுத்த இடம். மனிதருக்கு வசதியான முறை. நாலைந்து இடம் பார்த்துவிட்டு, இது வேலைக்காகாது என்று நாம் விட்டுவிடுவோம். அதே முறையை ஏஜென்ட்டுக்குக் கொடுத்தபோது அது விடவில்லை. ஒன்று விடாமல் கடைசி இடம் வரைக்கும் ‘அடுத்தது, அடுத்தது’ என்று போய்க்கொண்டே இருந்து, தனக்கு ஒதுக்கப்பட்ட செலவையும், ஒரே நேரத்தில் பார்வைக்குள் வைத்திருக்கக்கூடிய எழுத்தின் இடத்தையும் தீர்த்துவிட்டது. விளைவு 12 சதவீதம். தனித் தேடல் கருவியே இல்லாமல் விட்டபோது 15.7. மோசமான கருவி இருப்பதைவிடக் கருவி இல்லாதிருப்பதே மேல் என்று ஒரு சோதனை இவ்வளவு தெளிவாகச் சொல்வது அபூர்வம். அவர்கள் கடைசியில் வைத்துக்கொண்ட தேடல் கருவி, எந்தெந்தக் கோப்பில் கிடைத்தது என்று சுருக்கமாகச் சொல்லும். முடிவுகள் 50க்கு மேல் போனால் எதையும் காட்டாமல், இன்னும் குறிப்பாகத் தேடு என்று திருப்பி அனுப்பும்.

இங்கே பிழைச் செய்தியும் கையேட்டின் ஒரு பக்கமாக மாறுகிறது. ‘பிழை 400’ என்று மட்டும் திரும்பி வந்தால் ஏஜென்ட் அதே அழைப்பைச் சிறிது மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருக்கும். ‘தேதி ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் இருக்க வேண்டும், நீ அனுப்பியது 03/04/2026’ என்று வந்தால் அடுத்த முறையே சரியாகிவிடும். முதல் விளக்கத்தில் எல்லாவற்றையும் அடைத்துவைக்க முடியாது. தவறு நடக்கும் இடத்தில் காத்திருக்கும் ஒரு வரிக்கு அதிகப் பலன்.

தவறே நடக்க முடியாதபடி செய்வது அதற்கும் மேல். ஜப்பானில் ஷிகெயோ ஷிங்கோ என்ற தொழிற்பொறியாளர் 1960களில் வளர்த்தெடுத்த பொக்கா-யோக்கே என்ற முறையின் சாரம் இதுதான். ஒரு தொழிற்சாலையில் சுவிட்சுக்குள் இரண்டு ஸ்பிரிங்குகளை வைக்கத் தொழிலாளர்கள் சில சமயம் மறந்தார்கள். கவனமாக இருங்கள் என்று சொல்லிப் பயனில்லை. முதலில் இரண்டு ஸ்பிரிங்குகளையும் ஒரு தட்டில் எடுத்து வை, பிறகு பொருத்து என்று வேலைமுறையை மாற்றினார் ஷிங்கோ. பொருத்தி முடித்த பின்னும் தட்டில் ஒன்று கிடந்தால் மறந்தது தெரிந்துவிடும். ஆந்த்ரோபிக் பொறியாளர்கள் 2024இல் ஏஜென்ட்டுகளைப் பற்றி எழுதியபோது இந்த முறையையே பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்கள். அவர்கள் கொடுத்திருந்த கோப்புக் கருவி, ‘இப்போது இருக்கும் இடத்திலிருந்து’ பாதையைச் சொன்னால் ஏற்றுக்கொள்ளும். ஏஜென்ட் வேறு கோப்புறைக்கு நகர்ந்த பிறகு பாதைகளைத் தவறாகச் சொல்லத் தொடங்கியது. விளக்கத்தில் எச்சரிக்கை சேர்ப்பதற்குப் பதிலாக, வேரிலிருந்து தொடங்கும் முழுப் பாதையை மட்டுமே கருவி ஏற்கும் என்று மாற்றினார்கள். அந்த வகைப் பிழை நின்றுபோனது.

இன்னொரு பக்கம் அளவு. கருவிகளின் விளக்கமும் அவை திருப்பித் தரும் விடைகளும் மாடலின் பார்வைக்குள் இருக்கும் வரையறுக்கப்பட்ட இடத்தையே பிடிக்கின்றன. தொடர்பு எண்கள் முழுவதையும் கொட்டும் கருவியைவிட, கேட்ட பெயரை மட்டும் தேடித் தரும் கருவி நல்லது. தமிழில் தரவு வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும்: பல மாடல்களில் தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன்களாக, அதாவது மாடல் எழுத்தைப் பிரித்துப் படிக்கும் துண்டுகளாக, உடைகிறது. அதே செய்தி, கூடுதல் இடம், கூடுதல் செலவு.

இதுவரை சொன்னதெல்லாம் நல்ல யோசனைகள். ஒரு யோசனை நல்லதா என்று யோசனை சொன்னவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. கையேடு எழுதியவருக்குத் தன் வாக்கியம் எப்போதும் தெளிவாகத்தான் இருக்கும். அதனால்தான் மதிப்பீடு. மனிதருக்குக் கையேடு எழுதும் காலத்தில் இது பெரும்பாடு. ஒரு பத்தியை மாற்றினால் வாசிப்பவர் தவறு குறைந்ததா என்று அறிய ஆட்களைக் கூட்டி உட்காரவைக்க வேண்டும். இப்போது ஒரு சொல்லை மாற்றிவிட்டு அன்று மாலைக்குள் நூறு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம். மென்பொருள் நிறுவனங்களில் கடைசி இருக்கையில் உட்கார்ந்து கையேடு எழுதியவர்களின் கைத்திறனுக்கு முதல்முறையாக ஓர் அளவுகோல் கிடைத்திருக்கிறது. இதை நான் மகிழ்ச்சியோடு சொல்கிறேன்.

எதை அளப்பது? ஏஜென்ட் ‘முடித்துவிட்டேன்’ என்று சொல்வதை அளக்கக் கூடாது. சியரா என்ற நிறுவனம் 2024இல் வெளியிட்ட டௌ-பெஞ்ச் இதில் நல்ல முன்மாதிரி. ஒரு விமான நிறுவனம், ஒரு சில்லறை விற்பனைக் கடை என்று இரண்டு சூழல்கள். வாடிக்கையாளராக ஒரு மாடல் நடிக்கும். ஏஜென்ட் அதனோடு பேசி, விதிகளைக் கடைப்பிடித்து, கருவிகளைப் பயன்படுத்தி வேலையை முடிக்க வேண்டும். உரையாடல் எவ்வளவு பணிவாக இருந்தது என்பதற்கு மதிப்பெண் இல்லை. முடிவில் தரவுத்தளம் எந்த நிலையில் இருக்க வேண்டுமோ அந்த நிலையில் இருக்கிறதா என்பதே தேர்வு. டிக்கெட் மாறியிருக்க வேண்டும் என்றால் மாறியிருக்க வேண்டும்; மாறக்கூடாது என்றால் மாறியிருக்கக் கூடாது.

அதே சோதனை இன்னொரு கசப்பான கேள்வியையும் எழுப்பியது: ஒரு தடவை சரியாகச் செய்தது, எட்டுத் தடவையும் செய்யுமா? பத்தில் ஒன்பது தடவை வெற்றி பெறும் ஏஜென்ட் நல்ல ஏஜென்ட் போலத் தோன்றும். ஒவ்வொரு முயற்சியும் தனித்தனி என்று கொண்டு கணக்குப் போட்டால், எட்டு முயற்சியிலும் தொடர்ந்து வெற்றி பெறும் வாய்ப்பு 43 சதவீதம்தான். டௌ-பெஞ்ச் வெளிவந்தபோது அன்றைய முன்னணி மாடலான ஜிபிடி-4ஓ பாதிக்கும் குறைவான பணிகளையே முடித்தது. கடைச் சூழலில் எட்டு முறையும் சரியாக முடித்தவை 25 சதவீதத்தை எட்டவில்லை. அதன் பிறகு மாடல்கள் வெகுதூரம் முன்னேறிவிட்டன. ஆனாலும் ஒரு கருவியின் விளக்கத்தைச் சோதிப்பவர் ஒரே ஒரு ஓட்டத்தைப் பார்த்து முடிவு சொன்னால் அதை நம்பக் கூடாது என்ற பாடம் பழையதாகவில்லை.

அளவுகோலும் பிசகலாம். ஸ்வீ-பெஞ்ச் தொகுப்பையே ஓப்பன்ஏஐ 2024இல் 93 நிரலாளர்களை வைத்து மறு ஆய்வு செய்தது. பல பணிகளில் சிக்கலின் விவரம் போதவில்லை. வேறு பலவற்றில் சரியான திருத்தத்தைக்கூடத் தவறென்று சொல்லும் சோதனைகள் இருந்தன. பார்த்தவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கழிந்துபோயின. தேறிய 500 பணிகளைத் தனித் தொகுப்பாக வெளியிட்டார்கள். ஏஜென்ட்டின் தோல்வி என்று எண்ணப்பட்டவற்றில் ஒரு பகுதி, கேள்வித்தாள் எழுதியவரின் தோல்வி.

எண்களுக்கு அப்பால், ஓட்டங்களைத் திறந்து வரிவரியாக வாசிப்பதற்கு மாற்று இல்லை. ஆந்த்ரோபிக் தன் வலைத்தேடல் கருவியை வெளியிட்ட சமயத்தில், அதன் கிளாட் மாடல் தேடும் சொற்களோடு தேவையே இல்லாமல் ‘2025’ என்று சேர்த்துக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். தேடல் நடக்கிறது, விடை வருகிறது, பிழைச் செய்தி ஏதும் இல்லை; ஆனால் முடிவுகள் ஒருபக்கமாகச் சாய்கின்றன. கருவியின் விளக்கத்தைச் சீராக்கியபோது அந்தப் பழக்கம் நேரானது. இப்படிப்பட்ட குறையை வெற்றி சதவீதத்தில் தேடினால் கிடைக்காது. ஏஜென்ட் உண்மையில் எழுதிய அழைப்பைக் கண்ணால் பார்த்தால்தான் கிடைக்கும்.

கருவி விளக்கம் என்பது மாடலுக்குக் கட்டளையாகவும் வேலை செய்கிறது என்பதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் இதைச் செய்து காட்டியது. இரண்டு எண்களைக் கூட்டும் சாதாரணக் கருவி. ஆனால் அதன் விளக்கத்துக்குள், பயனர் கண்ணில் படாத இடத்தில், அவருடைய ரகசியக் கோப்புகளைப் படித்து அழைப்போடு சேர்த்து அனுப்பு என்று எழுதப்பட்டிருந்தது. ஏஜென்ட் கீழ்ப்படிந்தது. எம்.சி.பி. நெறிமுறையில் ஒரு கருவி படிக்க மட்டும் செய்யுமா, எதையேனும் அழிக்கக்கூடியதா என்று குறிக்கும் வசதி இப்போது உண்டு. அந்தக் குறிப்பையும் கருவியை எழுதியவரே தருகிறார் என்பதால், நம்பகமான இடத்திலிருந்து வந்தாலன்றி அதை நம்பாதே என்று நெறிமுறையே எச்சரிக்கிறது. முன்பின் தெரியாதவர் எழுதிய கருவியை நிறுவுவதற்கு முன் அதன் விளக்கத்தை முழுவதும் வாசிக்கும் பழக்கம் நிரலாளர்களுக்கு வந்தாக வேண்டும்.

அரசு சேவைகளும் வங்கிகளும் மருத்துவமனைகளும் தங்கள் மென்பொருளை ஏஜென்ட்டுகளுக்குத் திறந்துவிடும் நாள் நமக்கும் வரும். அப்போது அந்தக் கருவிகளைச் சோதிக்கும் தொகுப்பை யார் எழுதுவார்கள் என்பதுதான் என் கவலை. வேறு ஊர்ப் பெயர்களையும் முகவரிகளையும் வைத்து எழுதிய தொகுப்பில் ஒரு கருவி நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டு, இங்கே வந்து தடுமாறலாம். நம் தொகுப்பில் தலைப்பெழுத்து முன்னால் வரும் பெயரும் பின்னால் வரும் பெயரும் இருக்க வேண்டும். ஒரே சண்முகத்தை ஆங்கில எழுத்தில் நாலு விதமாக எழுதிய பதிவுகள் இருக்க வேண்டும். அவர்கள் நால்வரா ஒருவரா என்று ஏஜென்ட் தானாக முடிவு செய்யாமல் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். 1,00,000 என்று காற்புள்ளி போட்ட தொகையை ஒரு கருவி லட்சமாக வாங்கிக்கொள்கிறதா, பிழை என்று திருப்புகிறதா, பேசாமல் 1 என்று பதிந்துவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். கதவு எண் பழையது, புதியது என்று இரண்டும் உள்ள சென்னை முகவரி, பின்கோடு தெரியாத கிராமம், பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் வரும் கோரிக்கை எல்லாம் அதில் வேண்டும். ஒவ்வொன்றையும் பலமுறை ஓட்டி, கடைசியில் பதிவேட்டில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று திறந்து பார்க்க வேண்டும். இதற்குப் பெரிய கணினிகளைவிட, ஒரு தாலுகா அலுவலகக் கவுன்ட்டரில் பல ஆண்டு உட்கார்ந்தவரின் அனுபவம் அதிகம் தேவைப்படும்.